ஒலிக்கோப்பின் நீளம் அறிவது எப்படி?

பார்வையற்ற மாணவர்களுக்காக நம்மில் சிலர் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருகிறோம். தேர்வு நெருங்கினால் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "மொத்தம் எத்தனை மணி நேரம்?" என்பதே. நாம் மீதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து இரவுப் படிப்பைத் திட்டமிடுவோம். அவர்களுக்கு அந்தப் பக்கக் கணக்கு, நேரக் கணக்கன்றோ! அறுபது கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைவிடக் கணிப்பொறிக்கு ஒரே வரியில் கட்டளையிடுவது எளிது.

'சாக்ஸ்' என்னும் இலவச மென்பொருளுடன் 'சாக்ஸ்ஐ' என்ற கட்டளை வருகிறது. அதன்பின் ஒரு சிறுகோடும், ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தைப் பெரிய வடிவிலும் இட்டுக் கோப்பின் பெயரை எழுதினால், நீளம் விநாடிக் கணக்கில் வரும். இருபதாம் எழுத்தையும் அவ்வாறே சேர்த்தால் எல்லாக் கோப்புகளின் கூட்டுத்தொகையும் கிடைக்கும்.

கோப்பை ஓடவிடாமலே விடை எப்படி வருகிறது? 'வேவ்' கோப்பில் இது வெறும் வகுத்தல் கணக்குத்தான். குறுந்தகட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு 2 பைட்டுகள். இடம், வலம் என இரு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 1,76,400 பைட்டுகள். 3,17,52,044 பைட்டுகள் கொண்ட கோப்பில், வழக்கமான தலைப்புப் பகுதியான 44 பைட்டுகளைக் கழித்து வகுத்துப் பாருங்கள்: சரியாக 180 விநாடிகள்.

'எம்பி3' இவ்வளவு நேர்மையானதன்று! அது ஒலியைச் சிறுசிறு சட்டங்களாக அடுக்குகிறது. மேற்கூறிய தரத்தில் ஒரு சட்டத்திற்கு 1,152 மாதிரிகள், அதாவது சுமார் 0.026 விநாடி. சட்டங்கள் யாவும் ஒரே அளவில் இருந்தால் தொல்லையில்லை. மாறும் அளவில் பதிந்த கோப்பிலோ, மௌனத்திற்குக் குறைந்த பைட்டுகளும் பேச்சுக்கு அதிக பைட்டுகளும் செலவாகும். முதற் சட்டத்தில் மொத்தச் சட்டங்களின் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தால் விடை சரியாக வரும். இல்லையேல் சில நிரல்கள் தொடக்கத்தைப் பார்த்தே முழுவதையும் ஊகிக்கும். தொடக்க மௌனம் 32 கிலோபிட்டிலும் பின்வரும் பேச்சு 128 கிலோபிட்டிலும் இருந்தால், 10 நிமிடப் பாடம் ஏறத்தாழ 40 நிமிடமாகத் தோன்றும்! தேர்வுக்கு முன்னிரவில் இது எவ்வளவு தொல்லை!

ஐயம் எழுந்தால் 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் மென்பொருளைக் கொண்டு, வெளியீட்டை எங்கும் சேமிக்காமல் கோப்பு முழுவதையும் பிரித்துப் படிக்கச் செய்யலாம். இறுதியில் திரையில் நிற்கும் நேரமே உண்மையான நீளம். சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரப் பதிவுக்கும் சில விநாடிகளே பிடிக்கின்றன.