டென்னிஸ் பால் முடிகிற இடம்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து 61 நாள். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் எங்கும் விசைப்படகுகள் கரையில் வரிசைகட்டி நிற்கும். அந்த நாட்களில் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனால், தண்ணீர் வற்றி இறுகிய ஈர மணலில் ஸ்டம்ப் நட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். உள்நாட்டுப் பக்கம் போனால் காய்ந்த கண்மாய்தான் மைதானம். கடல் மணலில் மட்டையாளருக்குக் கொஞ்சம் முன்னாலேயே பந்தைக் குத்தினால் எழும்பாது, அப்படியே செத்துவிடும். அதனால் இந்தப் பையன்கள் யாரும் சொல்லித்தராமலே மட்டையாளரின் காலடிக்கு, அதாவது யார்க்கர், போடப் பழகிவிடுகிறார்கள்.

அப்படிப் போடுகிற ஒரு பையனின் அப்பா கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐபிஎல்லுக்குப் போக என்னங்க வழி?"

ஐபிஎல்லுக்கு நேர்வழி கிடையாது. கிரிக்கெட்டைப் பிழைப்பாக்க நினைக்கிற தமிழ்நாட்டுப் பையன் தாண்டவேண்டிய முதல் வாசல் சென்னை லீக். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் பல டிவிஷன்களாக நடத்தும் போட்டி அது. அதன் பெரிய அணிகளை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அணியில் இடம் கிடைத்தால் ஆட்டத்தோடு வேலையோ மாதப் பணமோ கிடைக்கவும் வாய்ப்புண்டு. கிரிக்கெட் சோறு போட ஆரம்பிப்பது அங்கேதான், தொலைக்காட்சியில் அல்ல.

ராமநாதபுரத்துக்காரருக்கு இதை விளக்க சேலத்துக்காரர் ஒருவரின் கதை தோதானது. சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயதுவரை நடராஜன் ஆடியதெல்லாம் டென்னிஸ் பால். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனவர். நன்றிக்கு அடையாளமாக அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னாளில் சட்டையில் போட்டுக்கொண்டார் நடராஜன். நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி, அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி ஆடினார்.

அங்கேதான் அடி விழுந்தது. பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று நடுவர்கள் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். டென்னிஸ் பாலில் வளர்ந்தவர்களுக்கு இது வரக்கூடிய சிக்கல்தான். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. ஸ்டிச் பால் என்கிற தோல் பந்து 156 முதல் 163 கிராம்வரை. லேசான பந்துக்கு வேகம் ஏற்ற முழங்கையை வெடுக்கென்று உதறுகிற பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். விதியோ, கை நீளும்போது 15 டிகிரிக்கு மேல் முழங்கை நிமிரக் கூடாது என்கிறது. கண்மாயில் யாரும் டிகிரி அளப்பதில்லை! நடராஜன் ஏறக்குறைய ஓராண்டு வெளியே நின்று, கையை முதலிலிருந்து திருத்தினார். என் கணக்கில் அவருடைய யார்க்கரைவிடப் பெரிய சாதனை அந்த ஓராண்டுதான்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியது. திண்டுக்கல் அணிக்கு ஆடியவரை மறுவருட ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது; அடிப்படை விலை 10 லட்சம். 2018-ல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020-ல் யார்க்கர் யார்க்கராகப் போட்டு, டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்ததை ஊரே பார்த்தது. வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர்களில் அதுவரை யாருக்கும் அமையாதது. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்.

2021 மார்ச் 28, புனே, ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும். எதிரே சாம் கரன்; கடைசிவரை ஆட்டமிழக்காமல் 95-ல் முடித்தார். நடராஜன் 6 ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. இந்தியாவுக்காக அவர் ஆடிய ஏழாவது ஆட்டம் அது. அடுத்த மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை.

அந்த ஏழு ஆட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்திய கிரிக்கெட் வாரியம் தரும் ஆட்டக் கட்டணம் டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20 சேர்ந்து 39 லட்சம். அதே ஆள் 2025-க்கான ஏலத்தில் டெல்லிக்குப் போன விலை 10.75 கோடி. நாட்டுக்கு ஆடுவதைவிட ஏலத்தில்தான் பணம் என்று இதைப் பார்த்து முடிவுகட்டிவிட வேண்டாம். ஏலத்தில் பேர் வராதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. அவர்களுக்குச் சோறு போடுவது உள்நாட்டு ஆட்டம். 2021-ல் வாரியம் உயர்த்திய கட்டணப்படி, 20 முதல்தர ஆட்டம்வரை ஆடியவருக்கு நாளுக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் ரஞ்சி ஆட்டத்துக்கு 1.6 லட்சம். பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி. லீக் சுற்றில் ஏழு ஆட்டமும் ஆடினால் 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நல்ல சம்பளம்தான், ஆனால் பதினொருவரில் இடம் பிடித்த வருடத்துக்கு மட்டும். ஒரு முழங்கால் போனால் அந்த வருடம் போச்சு.

பெண் பிள்ளைகளுக்கும் இப்போது வழி திறந்திருக்கிறது. மதுரைப் பெண் கமலினியை 2024 டிசம்பரில், 16 வயதில், மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. அவருக்கும் பாதை சென்னை வழியாகத்தான். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையிலும் இதே கதை. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த், இலங்கையின் லங்கா பிரீமியர் லீக் வழியாக ஏறி, 2024-ல் ஐதராபாத்துக்கு ஆடினார். அப்போது அதே அணியில்தான் நடராஜனும் இருந்தார்.

சரி, பாம்பன் பையன் என்ன செய்ய வேண்டும்? ஊர் டோர்னமென்ட்டில் கோப்பையும் பணமும் ஜெயிப்பது ஜாலிதான், ஆனால் தேர்வாளர்கள் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. 14, 16, 19 வயதுக்குட்பட்ட மாவட்ட அணித் தேர்வுகளைத் தவறவிடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்டோருக்கு எலும்பு எக்ஸ்ரே எடுத்தே வயதைப் பார்க்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயது குறைத்துப் போட்டது அங்கே செல்லாது. எல்லாவற்றுக்கும் முன்னால், பதினெட்டு இருபது என்று காத்திராமல், பதின்மூன்று வயதிலேயே ஒரு ஸ்டிச் பால் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். அதை மணலில் போட முடியாது, நனைந்தால் தோல் ஊறிக் கனத்துவிடும். மேட்டிங் விரித்த பிட்ச் எங்கே இருக்கிறதோ, அங்கே பஸ் ஏறித்தான் போக வேண்டும்.