வெள்ளைச் சேலையில் ஒரு வெண்கலக் குரல்

கிருத்திகை, தைப்பூசம் என்றால் எங்கள் காஞ்சிபுரத்தில் குமரகோட்டத்துப் பக்கம் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய கோயில் அல்லவா, முருகன் பாட்டுக்குக் குறைச்சலே இருக்காது. அதில் கே.பி.சுந்தராம்பாளின் குரல் கட்டாயம் வரும். "யாரும்மா இது, மைக்கையே உடைச்சிடுவாங்க போல" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அவளைப் போன்ற சின்னப் பெண்களுக்காகவும், பாட்டுத் தெரியும், பாடியவர் கதை தெரியாது என்கிற சகோதரிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1908-ல் காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். 'கே' என்பது ஊர், 'பி' என்பது பாலாம்பாள், அவருடைய அம்மா. வாழ்நாள் முழுக்க தாயார் பெயரையே தலையெழுத்தாக வைத்துக்கொண்டவர். வீட்டில் வறுமை. சின்னக் குழந்தையாக ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் மூலமாகத்தான் நாடகக் கம்பெனிக்குப் போனார். ஆரம்பத்தில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளை வேஷம். பசியை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை!

அப்போதெல்லாம் நாடக மேடையில் மைக் கிடையாது. ஆர்மோனியத்துக்கு மேலே குரல் எழும்பி, கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுவரை போக வேண்டும். விடிய விடிய நாடகம் நடக்கும். அப்படிப் பழகிய தொண்டை அது. வேலு நாயர் கம்பெனி, பிறகு இலங்கை என்று பேர் பரவியது. இலங்கையில்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும்படி ஆயிற்று. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. இரண்டு பேருமே உச்ச ஸ்தாயியில் பாடுகிறவர்கள். யார் யாரை ஜெயிப்பது என்று பார்க்கவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்களாம். மேடைக் காதல் நிஜக் காதலாகி, 1927-ல் கல்யாணத்தில் முடிந்தது.

இதற்குப் பிறகு சுகமாக வாழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. நடுவில் பிரிவு, மனஸ்தாபம். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. ஊரே கைதட்டும் ஒரு நடிகை, கவனிக்க ஆளில்லாத மனைவியாக எழுதிய கடிதங்கள் அவை. குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடம்பைக் கெடுத்தது. 1933 டிசம்பரில் அவர் காலமானபோது வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று கட்டிய வெள்ளைச் சேலையை 1980-ல் கண் மூடும்வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் தீர்மானம் செய்துகொண்டார்.

இதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவள் நான். முப்பது வயதுக்குள் தாலி இழந்த என் அத்தை, கடைசிவரை வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று அவள் விரலில் ஓடாத நிறம் கிடையாது. ஊடைக்கு அவள் சுற்றிய பட்டில் எத்தனையோ பெண்கள் மணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவளை மட்டும் கல்யாண வீட்டில் முன்னால் நிற்க விடமாட்டார்கள். "அந்தம்மா பாடினா முகூர்த்தத்துக்கு ஆவுது, நான் எதிர்ல வந்தா ஆவாதாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வெள்ளை கட்டுவதா, கலர் கட்டுவதா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. ஊர் சொல்லிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சேலையோடு சுந்தராம்பாள் என்னவெல்லாம் செய்தார் என்பதுதான் ஆச்சரியம்.

யோசித்துப் பாருங்கள். கதாநாயகி என்றால் காதல், டூயட். அதெல்லாம் மாட்டேன் என்கிற நடிகைக்கு என்ன வேஷம் கிடைக்கும்? அவர் ஆண் வேஷத்தில் திரும்பி வந்தார்! 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர்தான் நந்தனார். மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியர். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். மறு வருஷம் 'சதிலீலாவதி'யில் அறிமுகமான எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது நூறு ரூபாய் என்பார்கள். அப்படியானால் அந்த லட்சம் எவ்வளவு பெரிசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தைக் கல்கி கேலி செய்து, பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக எழுதினார். அதற்காக நம் அம்மாள் முடங்கிவிடவில்லை.

1940-ல் 'மணிமேகலை'. அது துறவிப் பெண். அட்சய பாத்திரத்தோடு மணிமேகலை கடைசியில் வந்து பசி தீர்த்தது எங்கள் காஞ்சியில்தான் என்பதை இங்கே கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவில் தேசத் தொண்டும் உண்டு. சத்தியமூர்த்தியோடு சேர்ந்து 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பேச்சைக் கேட்க வராத பெண்கள்கூடப் பாட்டைக் கேட்க வந்தார்கள். 1951-ல் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவிலேயே சட்டசபைக்குள் போன முதல் சினிமாக் கலைஞர் இவர்தான் என்று சொல்வார்கள்.

1953-ல் வந்தது ஜெமினியின் 'ஔவையார்'. எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். கல்யாணப் பேச்சு வந்ததும் சின்னப் பெண் ஔவை, பிள்ளையாரிடம் வேண்டி ஒரே நொடியில் கிழவியாகிவிடுகிறாள். சின்ன வயது ஔவை குசலகுமாரி; கிழவியாக எழுந்து வருவது சுந்தராம்பாள். இளமை வேண்டாம், என்னை என் வழியில் விடு என்று கேட்கிற அந்தக் கதையை அவரைவிடப் பொருத்தமாக யார் நடிக்க முடியும்? அப்போது அவருக்கு வயது 45, ஏறக்குறைய என் வயது. எனக்கு முழங்கால் வலி வந்தாயிற்று. அவர் ஊர் ஊராக நடந்து அரசர்களுக்குப் புத்தி சொல்கிறார். கோட்டையை யானைகள் வந்து இடிக்கிற காட்சியைச் சின்ன வயதில் தூர்தர்ஷனில் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்து 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவை. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்கிற காட்சியைப் பாருங்கள். பிள்ளை சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு போனால் நாம் என்ன செய்வோமோ, அதே கொஞ்சல், அதே அதட்டல். தன் குழந்தையை இழந்தவர் அவர் என்பது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. 1969-ல் 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது, அறுபது வயதைத் தாண்டிய குரலுக்கு! 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் ஏ.பி.நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்'. இளம் புனிதவதி லட்சுமி. அழகை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய அம்மையாராகச் சுந்தராம்பாள்.

இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளை உட்கார வைத்து இந்தப் படங்களைக் காட்டுங்கள். 'ஔவையார்' நீளம் அதிகம், சின்னக் குழந்தைகள் நடுவில் எழுந்து ஓடும். 'திருவிளையாடல்' படத்தில் ஆரம்பித்தால் சரியாக வரும்; மாம்பழக் கதை எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். 'பூம்புகார்' கொஞ்சம் வளர்ந்த பெண் குழந்தைகளோடு பார்க்க வேண்டியது. அவர்கள் கேள்வி கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.