முற்றத்திற் படர்வன

‘பண்டிதர் வளவு பற்றையாய்ப் போயிற்று’ என்றொரு பேச்சு எங்கள் ஒழுங்கையில் உலவுவதை யான் அறிவேன். அதற்காகக் கோபங் கொண்டேனல்லேன். படலையைத் திறந்து வருவோர், பரப்பிய மணலும் அதன்மேல் விளக்குமாற்றின் கோடுகளும் தெரியும் முற்றத்தையே எதிர்பார்த்து வருகின்றனர். அவ்விடத்தில் பொடுதலையும் அறுகும் பாய் விரித்தாற்போல் மூடிக்கிடக்கக் கண்டால் வேறென்ன சொல்வர்? யாழ்ப்பாணத்தார்க்கு முற்றம் என்பது கூட்டப்படுவது. புல் என்பது செருக்கப்படுவது. உழவாரம் இல்லாத வீடு வீடன்று என்று எண்ணிய குடியிற் பிறந்தவனே யானும். ஆயினும் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாசகர்களிடம் சிறிது பொழுது வேண்டுகின்றேன்.

அதைச் சொல்லவேண்டிய தேவை சென்ற ஆண்டு வந்தது. கனடாவில் வாழும் என் தம்பி, முற்றம் முழுவதும் இன்ரலொக் கல் பதிப்பித்துவிடும்படி பணம் அனுப்பினான். எங்களுக்குச் சகோதரிகள் இல்லை. ஆதலால் தாய்வீடு சீதனமாய்ப் போகாது இருவர்க்கும் பொதுவாய் நின்றது. அவன் சொல்லை எளிதில் தள்ளுதல் முறையன்று. தொலைபேசியின் திரையில் முற்றத்தை அவனுக்குக் காட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவன், “அண்ணை, அம்மா இருந்திருந்தா முத்தத்தை உப்பிடி விட்டிருப்பாவோ?” என்று கேட்டான். அவன் அனுப்பவிருந்த கல்லெல்லாவற்றிலும் அக்கேள்வியே எனக்குப் பாரமாயிருந்தது.

அவன் ஊரைவிட்டுப் போனது 1989ஆம் ஆண்டில். அவன் நெஞ்சில் உள்ள முற்றம் அவ்வாண்டின் முற்றம். பொழுது புலருமுன் எங்கள் அன்னையார் எழுந்து, வாசலிற் சாணநீர் தெளித்து, ஒரு மாவிலைச் சருகேனும் எஞ்சாமற் கூட்டி முடிப்பார். சனிக்கிழமை தோறும் எங்கள் இருவர் கையிலும் உழவாரம் கொடுக்கப்படும். அந்த அன்னையாரை அவன் அறிவான். பின்னாளில் அவர் முற்றத்தை எவ்வாறு வைத்திருந்தார் என்பதை அவன் கண்டானல்லன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது யாங்களும் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றோம். மறுவருடம் வைகாசியில் வீடு திரும்பினோம். ஒரு மாரி முழுவதும் ஆளின்றிக் கிடந்த வளவு அது. மாரியில் எழுந்த பூண்டெல்லாம் வெயிலிற் காய்ந்து சரிந்திருந்தன. கால் வைத்த இடமெல்லாம் நெருஞ்சிமுள். கிணற்றடியில் அன்னையார் வளர்த்த வல்லாரையில் ஓர் இலையும் இல்லை. கருகிய நூல்கள்போலச் சில கொடிகள் மாத்திரம் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அரிசி கொஞ்சம் இருந்தது. கறிக்கு யாதும் இல்லை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபின் அள்ளிய முதல் வாளி நீரை அன்னையார் அந்தக் கருகிய கொடியின்மேல் ஊற்றினார். குடிப்பதற்கு முன் இதற்கா என்று யான் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. பத்து நாள் கழியுமுன் கணுக்கள் தோறும் காசளவிற் பச்சை இலைகள் எழுந்தன. தேங்காய்ப்பூவும் உள்ளியும் பச்சைமிளகாயுஞ் சேர்த்து, தேசிக்காய்ப்புளி விட்டு அவர் செய்த சம்பலோடு நாங்கள் வயிறாரச் சோறுண்டோம்.

அதன்பின் கிணற்றடிப் பக்கம் உழவாரங் கொண்டுபோக அவர் ஒருவரையும் விட்டாரல்லர். பச்சை ஆண்டுக்கு ஆண்டு கிணற்றடியினின்றும் முற்றத்தை நோக்கி நகர்ந்தது. அவர் விளக்குமாறு பின்வாங்கிக்கொண்டே வந்தது. 2011இல் அவர் காலமானபோது முற்றத்திற் பாதி மூடப்பட்டிருந்தது. மற்றைப் பாதியை மூடியது மாத்திரமே என் செயல்.

நிலத்திற் படர்வனவற்றின் வலிமை கணுவில் உள்ளது. கொழுகொம்பு தேடி ஏறுங் கொடிக்கு வேர் ஓரிடத்தது. அடியை வெட்டினால் நுனி வாடும். நிலத்தோடு ஊருங் கொடியோ கணுத்தோறும் வேர்விடும். இடையில் அறுத்தால் இரண்டு துண்டும் தனித்தனி வாழும். ‘படர்’ என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழில் நினைவு என்றும் துன்பம் என்றும் பொருளுண்டு. திருக்குறளிற் படர்மெலிந்திரங்கல் என்று ஓர் அதிகாரமே உளது. இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்றடி தோன்றும். மற்றொன்றும் சொல்வேன், மாணவர் நகைப்பர். தொல்காப்பியர் மரபியலிற் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அம்முறையால் எங்கள் எல்லையில் நிற்கும் பனையும் புல்லே. பனையைப் போற்றி அறுகைச் செருக்குபவர், மூத்தவனை வணங்கி இளையவனை அடிப்பவராவர்.

இனி, முயல விரும்புவோர்க்குச் சில சொல்வேன். வல்லாரைக்கு ஈரமும் அரைநிழலும் வேண்டும். கிணற்றடி, வாழையடி என்பன அதற்கு உரியன. பறிக்கும்போது கொடியை இழுக்காமல் இலையைக் காம்போடு கிள்ளுதல் வேண்டும். பொன்னாங்காணிக்கும் ஈரமே விருப்பம். தண்டை முறித்து ஊன்றினாற் போதும். வெயில் எரிக்கும் நடுமுற்றத்துக்குப் பொடுதலையை மிஞ்சியது இல்லை. மிதித்தாலும் பொறுக்கும், உவர்மண்ணிலும் நிற்கும். அதன் வெள்ளையும் ஊதாவுமான சிறு பூக்களுக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பகல் முழுதும் வந்தபடியிருக்கும். அறுகை நட வேண்டியதில்லை. இருப்பதைச் செருக்காமல் விடுவதே நடுகை. பிள்ளையாருக்குச் சாத்தவும் மணவறையில் அறுகரிசி இடவும் பிறர் வளவு தேடி அலைவோர் தம் வாசல் அறுகை வேரோடு கிள்ளுவது ஏனோ! ‘அடம்பன் கொடியுந் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழியிலுள்ள அடம்பன், கடற்கரை மணலைப் பிடித்து வைப்பது. எங்கள் செம்மண்ணுக்கு அது வேண்டியதில்லை.

நாற்று விற்போர் மஞ்சட்பூப் பூக்கும் வெடேலியாக் கொடியைத் தர முன்வருவர். அழகியதுதான். அமெரிக்க மண்ணினின்றும் வந்த அது, பிற பூண்டுகளை அமுக்கி நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளும் இயல்பினது. உலகின் மிகக் கொடிய ஊடுருவும் உயிரினங்கள் நூற்றில் ஒன்றாக அறிஞர் அதனை எண்ணியுள்ளனர். படர்வனவெல்லாம் நல்லனவல்ல.

ஐப்பசியில் முதல்மழை விழுந்து மண் இளகியதும் நடுதல் வேண்டும். நெருஞ்சியையும் கோரையையும் முன்னரே கையாற் பிடுங்கிவிடுக. கோரையின் கிழங்கு எஞ்சினால் மீண்டும் வரும். வேர்விட்ட துண்டுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றினால் தை பிறக்குமுன் ஒன்றையொன்று தொடும். ‘சோம்பேறியின் தோட்டம்’ என்று என்னை நகைத்த நண்பர் ஒருவர் உளர். முதலிரண்டு மாரியும் முதுகொடியக் குந்தியிருந்து களை பிடுங்கியவனை அவர் கண்டிலர். மூன்றாம் ஆண்டிற்றான் சிறிது சோம்ப முடிந்தது.

கல் பதித்தலை யான் மறுத்ததற்குக் கிணறே முதற் காரணம். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் விழும் மழை மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்குவதே கிணற்று நீராகின்றது. முற்றத்தைக் கல்லால் இறுக மூடினால் அந்நீர் ஒழுங்கைக்கு ஓடிவிடும். வெறுமையாய்க் கூட்டிய நிலமும் மழைத்துளி அடித்து மேலோடு இறுகிப்போம்; செம்மண் கரைந்து வாய்க்காலிற் சிவந்து ஓடுவதைச் சிறுவயதில் வேடிக்கையாய்ப் பார்த்திருக்கின்றேன். இலை மூடிய நிலத்தில் துளி மெல்ல இறங்கும். கோடையில் இக்கொடிகள் நீர் கேட்பதும் உண்மையே; குளித்த நீரைக் கொண்டு அதனைச் சரிக்கட்டுகின்றேன்.

மனைவியார் கூறிய தடையை மாத்திரம் என்னால் வெல்ல முடியவில்லை. “இஞ்சாருங்கோ, உந்தப் பத்தைக்குள்ளை பாம்பு கிடந்தா ஆருக்குத் தெரியும்?” என்பார். பண்டிதத் தோரணையில் மறுத்து வந்தேன். ஒரு மார்கழி மாலை, வாசற்படிக்கு அருகே பொடுதலைக்குள் புடையன் ஒன்று சுருண்டு கிடந்தது. அவர் கால் வைக்குமுன் கண்டுகொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலை யானே உழவாரத்தை எடுத்து, வீட்டைச் சுற்றி நான்கு முழ அகலம் வெறுமணலாக்கி, வாசலில் மின்விளக்கும் பூட்டுவித்தேன். மற்றையிடங்களில் கொடி கணுக்காலுக்கு மேல் எழாமற் கத்தரித்து வருகின்றேன்.

சென்ற ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கியவனை மூன்றாம் அடியிலேயே நெருஞ்சிமுள் குத்தியது. “நல்லாய் வளத்திருக்கிறியள், அண்ணை” என்றான். முள்ளை எடுத்தபின் கிணற்றுக்கட்டில் இருவரும் அமர்ந்தோம். 1996ஆம் ஆண்டு வைகாசியில் அள்ளிய முதல் வாளி நீரின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றான். கடிதம் போவதே அரிதாயிருந்த காலத்தில் வல்லாரையைப் பற்றி யார் எழுதுவார்? ஆனால் பிற்பட்ட இத்தனை ஆண்டுகளிலும் சொல்லாதது என் குற்றமே.

படலையிலிருந்து விறாந்தை வரை ஆள் நடக்கும் அகலத்துக்கு மாத்திரம் கல் பதித்தோம். இடையிடையே விரலளவு வெளி விடச் செய்தேன். மிகுதிப் பணத்திற் கிணற்றுக்கட்டைத் திருத்தினோம். கல்லிடுக்கில் இப்போது அறுகு எட்டிப்பார்க்கின்றது. அதைப் பிடுங்குவதா விடுவதா என்பதில் வீட்டில் இன்னும் ஒருமுடிவு இல்லை. மனைவியார் இன்று மாலையும் வல்லாரை கிள்ளக் கிணற்றடிக்குப் போயிருக்கின்றார், ஒரு கையிற் சுளகும் மறுகையில் தடியுமாக. தடி பாம்புக்கு.