ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் ஆஸ்பத்திரி

கொடுங்கையூரில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆட்டோ நேரா ஸ்டான்லிக்குத்தான் போகும். 2025 பிப்ரவரியில் கொளத்தூர் பெரியார் நகரில் பெரிய அரசு மருத்துவமனை திறந்த பிறகு அங்கேயும் போகிறார்கள். அது எழும்பிக்கொண்டிருந்தபோது எங்க பக்கத்துல அடிக்கடி கேட்ட கேள்வி: "மாடியெல்லாம் ஏறிடுச்சே, இன்னும் ஏன் திறக்கலை?"

நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், சிறப்பு மருத்துவமனையில் தூணும் தளமும் சுலபமான பகுதி. கஷ்டமெல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிறது.

ஒரு ஆபரேஷன் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் காற்று மணிக்குக் குறைந்தது 20 தடவை மாற வேண்டும், அதுவும் ஹெப்பா ஃபில்டர் வழியாக. உள்ளே காற்றழுத்தம் வராண்டாவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கணும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. காசநோயாளியைத் தனியாக வைக்கும் அறைக்கு இது அப்படியே தலைகீழ். இதற்கான டக்ட் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக்கூட இருக்கும். கூடவே ஆக்ஸிஜன் செப்புக் குழாய், தீயணைப்புக் குழாய், கேபிள், மேல்மாடி கழிவறையின் வடிகால். எல்லாம் ஒரே இடுக்கில் இடம் கேட்கும். வீட்டுக்குப் பத்தடி உயரம் போதும், இங்கே பதிமூன்று பதினான்கு அடி வேண்டும். தளம் போட்ட பிறகு பீமில் ஓட்டை போட முடியாது. அதனால எந்தக் குழாய் எங்கே போகும் என்பதைத் தூண் எழும்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி கட்டுமானத்தை நிர்வகிப்பது என்பதில் பெரும்பங்கு இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள சென்னையிலேயே இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன.

முதலாவது ஓமந்தூரார் தோட்டம். ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம் வடிவமைத்த சட்டமன்ற-தலைமைச் செயலகக் கட்டடம், 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. (விழாவுக்குள் மேல் டோம் முடியவில்லை, தோட்டா தரணியை வைத்து செட் போட்டார்கள். நம்ம ஊர் ஸ்டைல்!) ஆட்சி மாறியது. 2011 ஆகஸ்டில் அதை மருத்துவமனையாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. திறந்தது 2014 பிப்ரவரியில். இரண்டாவது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கும் 1000 படுக்கை மருத்துவமனை. 2022 மார்ச் 21 அடிக்கல், 2023 ஜூன் 15 திறப்பு. வெறும் மண்ணிலிருந்து 15 மாதம்! ஏற்கெனவே நின்ற கட்டடத்துக்கு இரண்டரை வருஷம். நடுவில் வழக்குகளும் இருந்தன, அது உண்மைதான். ஆனாலும் எம்எல்ஏக்கள் உட்காரவும் கோப்பு நகரவும் போட்ட கட்டடத்தில் தியேட்டரையும் ஐசியுவையும் நுழைப்பது, புதிதாகக் கட்டுவதைவிடச் சிக்கலானது என்பதே என் கணிப்பு.

எம்ஆர்ஐ மெஷின் பல டன் கனம். அறையைச் சுற்றி ரேடியோ அலை புகாத செப்புக் கூண்டு வேண்டும். மெஷின் உள்ளே போகும்வரை ஒரு சுவரைக் கட்டாமலே விட்டுவைப்பதும் உண்டு. எங்க வடசென்னை மாதிரி தண்ணி நிற்கும் இடத்தில் ஜெனரேட்டரை பேஸ்மென்டில் வைக்கவே கூடாது.

கடைசியாக வருவது சோதனை. திறப்பு விழா தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதற்கான நாட்கள்தான். 2016 மே மாதம் இந்தூர் எம்.ஒய். அரசு மருத்துவமனையில், புது ஆபரேஷன் தியேட்டரில் குழாய் மாறி இணைக்கப்பட்டிருந்தது. ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்ஸைடு போய் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். இதைத் தடுக்கும் சோதனை ரொம்ப எளிமையானது: மற்ற வாயுக்களை எல்லாம் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து, ஒவ்வொரு படுக்கையாகப் போய் எந்த வாயில் எது வருகிறது என்று பார்க்கணும். பிறகு அடுத்த வாயு, மறுபடி முதலிலிருந்து. ஐசியு படுக்கை ஒன்றுக்கே ஆக்ஸிஜன், காற்று, வேக்குவம் என்று பல வாய்கள். 1000 படுக்கைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.