பகைவனுக்கு ஒரு வாழ்த்து மடல்

ஆவடி விமானப்படைத் தளத்தின் வழியே நாள்தோறும் போய்வரும் நம் குடும்பத்தினர்க்கு விமானப்படைச் சீருடை புதிதன்று. ஆயினும் அச்சீருடையினர் வானில் நேருக்கு நேர் பொருத வரலாற்றை நம் பிள்ளைகள் அதிகம் அறியார். அவற்றுள் ஒன்றை ஈண்டுக் கூற விழைகிறேன்.

1971 நவம்பர் 22. இந்தியா - பாகிஸ்தான் போர் முறைப்படி மூண்டது டிசம்பர் 3ஆம் நாளன்றுதான். ஆனால் அதற்கு முன்னரே, கிழக்கு வங்க எல்லையிலுள்ள போய்ராவில் இருதரப்புத் தரைப்படைகளும் மோதிக்கொண்டிருந்தன. அன்று காலைமுதல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் அங்கு வந்து வந்து தாக்கின. நம் விமானங்கள் போய்ச் சேருமுன் அவை மறைந்துவிடும். பிற்பகல் மூன்று மணியை நெருங்கும் வேளையில் ராடார் மீண்டும் அவற்றைக் கண்டது. மூன்றே நிமிடங்களுக்குள் கல்கத்தா தம்தம் தளத்திலிருந்து நான்கு நேட் விமானங்கள் எழுந்தன.

நேட் மிகச் சிறிய விமானம். அதன் பெயருக்கே கொசு போன்ற பூச்சி என்றுதான் பொருள். சேபரின் அருகே நிறுத்தினால் அண்ணன் பக்கத்தில் தம்பி நிற்பதுபோல் தோன்றும். அணித்தலைவர் ராய் மாசி. அவருக்குத் துணையாகப் பறந்தவர் சோரஸ். மற்ற இணை, கணபதியும் டொனால்டு லாசரஸும். (லாசரஸ் என்றதும் நம்மவர் நினைவு பெத்தானியாவுக்கு ஓடுவது இயல்பே!)

சேபர்கள் தாக்கிவிட்டு மேலெழுந்து திரும்புகையில், இரண்டு விமானங்கள் கணபதிக்கும் லாசரஸுக்கும் நேர் முன்னே வந்துவிட்டன. இருவரும் சுட்டனர்; இரண்டும் வீழ்ந்தன. மாசியின் பீரங்கிகளுள் ஒன்று இடையில் செயலற்றுப் போயிற்று. எஞ்சிய ஒன்றினால் மூன்றாவது சேபரைத் தாக்கினார். அதுவும் வீழ்ந்தது என்பது நம்மவர் கணக்கு. பழுதுபட்டும் டாக்கா சேர்ந்தது என்பது அவர்கள் கூற்று. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. பின்னர் மாசி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா விருது வழங்கப்பெற்றது.

வீழ்ந்த விமானிகள் இருவரும் பாராசூட் வழியே நம் படையினர் நடுவே இறங்கினர். அவருள் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. சினங்கொண்ட சிப்பாய்கள் அவரைத் துப்பாக்கிக் கட்டைகளால் தாக்கத் தொடங்கவே, சீக்கியப் படைப்பிரிவின் இளம் காப்டன் பனாக் ஓடிச்சென்று தடுத்தார். காயத்துக்கு மருந்திட்டுத் தேநீரும் கொடுக்கச் செய்தார். கைதியின் பணப்பையில் அவருடைய மனைவியின் நிழற்படம் இருந்தது. சுட்டு வீழ்த்தியவர்களைவிட, சினத்தில் கொதித்த தம் வீரர்களையே தடுத்து நின்ற அந்த இளைஞரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சிறையிருந்து நாடு திரும்பிய குரேஷி, 1997இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். லாசரஸோ குரூப் காப்டனாக ஓய்வுபெற்று, நம் நீலகிரியில் குன்னூரில் குடியேறினார். குரேஷி தளபதியாய் இருந்த நாளில், அவருக்கு லாசரஸ் ஒரு வாழ்த்து மடல் விடுத்தார். வானிலே நாம் சிறிது நேரம் சந்தித்திருக்கிறோம் என்பதை அதில் நினைவூட்டினார். பதில் வருமென அவர் எண்ணவில்லை. வந்தது. வாழ்த்துக்கு நன்றி கூறி, அன்று இந்திய விமானிகள் போரிட்ட திறத்தையும் பாராட்டியிருந்தார் தளபதி.