மீன் தொட்டியைத் தாங்குமா அந்த மேசை?

கண்ணாடித் தொட்டி. உள்ளே தெளிந்த தண்ணீர். சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள் நீந்துகின்றன. குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால், அந்தத் தொட்டி எதன் மேல் நிற்கிறது? இதைப் பலர் கவனிப்பது இல்லை.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மீன் வாங்குகிறவர்கள் நிறம் பார்த்து வாங்குகிறார்கள். தொட்டி வாங்குகிறவர்கள் விலை பார்த்து வாங்குகிறார்கள். தொட்டியை வைப்பதற்கு மட்டும், வீட்டில் கிடக்கும் டீப்பாய் போதும் என்று நினைத்து விடுகிறார்கள்.

அது ஆபத்து!

7 சிப்பம் எடை

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 127 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே, தண்ணீர் மட்டுமே 127 கிலோ.

8 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த தொட்டி என்றால், கண்ணாடி 28 கிலோ இருக்கும். அடியில் போடும் கூழாங்கல் 15 கிலோ. எல்லாம் சேர்ந்து 170 கிலோ!

அதாவது, 25 கிலோ அரிசிச் சிப்பம் 7-ஐ அடுக்கி வைத்தது போல. அந்தப் பாரம் இரவும் பகலும் இறங்காமல் நிற்கும். காப்பித் தம்ளர் வைக்கச் செய்த டீப்பாய் இதைத் தாங்குமா?

கண்ணாடி வளையாது

மரம் சிறிது வளைந்து கொடுக்கும். இரும்பும் வளைந்து கொடுக்கும். கண்ணாடி அப்படி அல்ல. மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தாலும், பலகை நடுவில் தொய்ந்தாலும், தொட்டியின் ஒரு மூலையில் பாரம் சேரும். முதலில் ஒட்டு விட்டுத் தண்ணீர் கசியும். பிறகு விரிசல் விழும்.

நல்ல கண்ணாடியும் கோணலான மேசையால் உடையும். ஆகவே மேசை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. மட்டமாகவும் இருக்க வேண்டும்.

எந்த மரம் நல்லது?

தேக்கு, வேங்கை, கோங்கு, வேம்பு ஆகியவை ஏற்றவை. மரம் நன்றாகக் காய்ந்து, வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால், காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

மேல் பலகைக்கு, தண்ணீருக்குத் தாங்கும் மெரைன் பிளைவுட் வாங்கலாம். அதில் ‘ஐ.எஸ். 710’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கால் அங்குல கனம் போதும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டவே வேண்டாம். அது தண்ணீர் பட்டால் ரொட்டி போல ஊதி, உதிர்ந்து விடும்.

இரும்பில் செய்ய விரும்புகிறவர்கள், ஒன்றரை அங்குல ஆங்கிள் வாங்கி வெல்டிங் செய்து கொள்ளலாம். ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் துரு அரித்து விடும்.

செலவு குறைய வேண்டுமா? செங்கல்லும் சிமெண்டும் கொண்டு 3 குட்டைச் சுவர் எழுப்பி, மேலே கடப்பா கல் போடலாம். நடுச் சுவரை மட்டும் விட்டு விடக் கூடாது. அது இல்லாவிட்டால் கல் நடுவில் முறியலாம்.

ஆணியை நம்பாதே!

மர மேசை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து ஆணி அடித்து விடுகிறார்கள். அப்போது 170 கிலோவும் அந்த ஆணிகளில் தொங்குகிறது!

சட்டம் காலின் தலை மேல் உட்கார வேண்டும். காலின் தலையில் உளியால் வெட்டுக் கொடுத்து, சட்டத்தை அதில் பதிக்க வேண்டும். பாரம் சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு நேராக இறங்கும். ஸ்குரு, சட்டம் நகராமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே.

கால்கள் 3 அங்குலச் சதுரம் இருக்கட்டும். மேல் சட்டம் 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அதைப் படுக்க வைக்கக் கூடாது. நிறுத்தி வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலைப் படுக்க வைத்து அழுத்தினால் வளைகிறது. நிறுத்தி வைத்து அழுத்தினால் வளைவது இல்லை. அதே கணக்குத்தான் இதுவும்.

ஆடாமல் இருக்க

நான்கு குச்சிகளை ஆணி அடித்துச் சதுரமாக்கினால், தள்ளும்போது சாயும். மூலைக்கு மூலை ஒரு குச்சி அடித்து விட்டால் சாயாது.

மேசைக்கும் அப்படியே. பின்பக்கமும் இரண்டு பக்கங்களிலும் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். அல்லது பிளைவுட் அடித்து மூட வேண்டும். குழந்தை ஓடி வந்து மோதினாலும் மேசை அசையக் கூடாது.

உயரம் இரண்டரை அடி போதும். அதற்கு மேல் உயர்த்தினால், தொட்டி எளிதில் சாயும்.

மீன் வருமுன் சோதனை

மேசையைச் சுவர் ஓரமாகப் போட வேண்டும். ரசமட்டம் வைத்து, நீளத்திலும் அகலத்திலும் பார்க்க வேண்டும். கால் தரையில் படியாவிட்டால் தகடு வைத்துச் சரி செய்யலாம். காகிதத்தை மடித்து வைக்கக் கூடாது. அது ஈரத்தில் நைந்து போகும்.

பிறகு, அரிசிச் சிப்பங்களை மேலே அடுக்கி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். சட்டம் தொய்ந்தால் அப்போதே தெரிந்து விடும். அரிசி கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்தால் அள்ள முடியுமா?

மேசை தேறிய பிறகு, அரை அங்குலத் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை வைக்க வேண்டும். தண்ணீரை நிரப்பி, நான்கு மூலைகளிலும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நான்கும் ஒன்றாக இருந்தால் மேசை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். 24 மணி நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். அதன் பிறகே மீனை விட வேண்டும்.

மின்சார பிளக் தொட்டிக்குக் கீழே இருக்கக் கூடாது. மோட்டார் வயர் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போது வயர் வழியே வரும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

தண்ணீர் நிரம்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது. மேசையில் ஏறி விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மேசை செய்ய இரண்டு நாள் பிடிக்கும். சோதனைக்கு இன்னும் இரண்டு நாள். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். பெரியவர்கள் அவசரப்படக் கூடாது. அந்தக் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்து மீனைப் பார்க்கப் போவது அந்தப் பிள்ளைகள்தானே!