ஸ்பெயின் கடற்கரையில் ஆங்கிலேயருக்குத் தேநீர் விருந்து: தொழில் தொடங்குமுன் போட வேண்டிய கணக்குகள்

ஒரு நாட்டு மக்கள் வேற்று நாட்டில் கூட்டமாகக் குடியேறினால், அவர்கள் விட்டு வந்த உணவுக்கு அங்கே ஒரு கடை பிறக்கும். வணிகர்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பிரிட்டிஷார் மிக அதிகமாக வாழ்வது ஸ்பெயினில்தான். அலிகாந்தே, மலாகா மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் ஓய்வூதியம் பெறும் முதியோர் ஏராளம். அவர்களை நம்பி மாலைத் தேநீர்க் கடை தொடங்குவோர் பலர். அதில் எங்கே லாபம், எங்கே பள்ளம் என்று பார்ப்போம்.

விற்கும் சரக்கு எது?

1840-களில் பெட்போர்டு சீமாட்டி ஆனா தொடங்கி வைத்த வழக்கம் இது என்பர். பகல் உணவுக்கும், இரவு வெகு நேரம் கழித்து வரும் விருந்துக்கும் இடையே பசி தீர்க்க வந்தது. மூன்றடுக்குத் தட்டில் கீழே வெள்ளரிக்காய், முட்டை வைத்த சிறு சாண்ட்விச்சுகள். நடுவில் ஸ்கோன், ஜாம், 'கிளாட்டட் கிரீம்' எனும் கெட்டிப் பாலேடு. மேலே கேக் வகைகள். உடன் ஒரு கெண்டித் தேநீர். 'ஹை டீ' என்பது வேறு. அது உழைப்பாளிகளின் மாலைச் சாப்பாடு. விளம்பரப் பலகையில் இரண்டையும் குழப்பினால், ஊர் வழக்கம் தெரிந்த வாடிக்கையாளர் சிரிப்பார்.

கொள்முதல்

தேயிலைதான் இதில் மிக மலிவான சரக்கு. கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால் ஒரு கிலோவில் 400 கோப்பை. ஆகவே தேயிலையில் சிக்கனம் பார்ப்பது வீண். அந்தக் கடற்கரையில் குழாய் நீர் பெரும்பாலும் கடின நீர். தேநீரில் ஆடை படியும், ருசி கெடும். வடிகட்டி ஒன்று அவசியம்.

பாலேடுதான் சிக்கல். 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் பால் பொருள்களுக்குக் கால்நடை மருத்துவச் சுகாதாரச் சான்று வேண்டும். சிறு கடைக்கு அந்தச் செலவு கட்டாது. மாற்று வழிகள் இரண்டு: ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்திலிருந்து வெண்ணெயும் கிரீமும் வாங்கலாம், அல்லது உள்ளூர்க் கெட்டி கிரீமை மிதமான சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து நாமே தயாரிக்கலாம். ஸ்கோன் அன்றன்று சுட வேண்டிய பண்டம். ஆனால் சுடாத மாவை உறைய வைத்து இருப்பு வைக்கலாம், கழிவு குறையும்.

உரிமமும் இடமும்

நகராட்சித் திறப்பு உரிமம், 14 வகை ஒவ்வாமைப் பொருள்களின் அறிவிப்பு, 10 சதவீத விற்பனை வரி ஆகியவை கட்டாயம். தொழில் நடத்துபவர் ஒன்றியக் குடிமகன் அல்லாதவரானால் சுயதொழில் அனுமதியும் வேண்டும். 2021-க்குப் பின் அங்கு செல்லும் பிரிட்டிஷாருக்கும் இதுவே விதி. புதுக் கடை கட்டுவதைவிட, நம் கடைத்தெருவில் குட்வில் கொடுத்து எடுப்பதுபோல், நடந்து வந்த ஒரு காபிக் கடையை உரிமத்தோடு எடுப்பது எளிது.

வரவு செலவு

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு விலை 18 யூரோ என்று வைப்போம். வரி போக 16 யூரோ 36 சென்ட். சரக்குக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் சுமார் 10 யூரோ 90 சென்ட். வாரம் 5 நாள், நாளுக்கு 20 பேர் என்றால் வாரத்துக்கு 1,090 யூரோ. நாளுக்கு 8 பேர் மட்டும் வந்தால் 436 யூரோ. ஒரு பணியாளின் சம்பளத்துக்கும் வாடகைக்குமே அது காணாது. எனவே முதல் நாளே முன்பதிவு வாங்குவது நல்லது. எத்தனை தட்டு என்று தெரிந்த பின்பே ரொட்டி வெட்ட வேண்டும்.

பருவம்

குளிருக்குத் தப்பி வருவோரால் குளிர்காலமே நல்ல பருவம். ஆகஸ்டு வெயிலில் கொதிக்கும் தேநீர் போகாது. 2021 முதல் குடியிருப்பு அனுமதி இல்லாத பிரிட்டிஷார் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அன்னையர் தினம் பிரிட்டிஷாருக்குத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஸ்பானியருக்கு மே முதல் ஞாயிறு. இரண்டுக்கும் விருந்து வைக்கலாம்.

பெரிய ஆபத்து

வாடிக்கையாளரின் வருமானம் பவுனில், நம் வாடகை யூரோவில். 2016 ஜூன் வாக்கெடுப்புக்கு முன் ஒரு பவுனுக்குச் சுமார் 1.30 யூரோ கிடைத்தது. 2017 ஆகஸ்டில் சுமார் 1.08 ஆனது. ஓய்வூதியக்காரர் முதலில் குறைப்பது வெளிச் சாப்பாட்டைத்தான். முதியோர் சிலர் ஆண்டுதோறும் ஊர் திரும்பவும் செய்வர்.

ஆகவே ஒரே சமூகத்தை நம்பிக் கடை வைப்பது ஒற்றைக்கால் நாற்காலி. ஸ்பானியருக்கும் மாலைச் சிற்றுண்டிப் பழக்கம் உண்டு. அவர்களுக்கென்று காபியும் கேக்கும் விலைப்பட்டியலில் இடம்பெற வேண்டும். ஆறு மாத வாடகையைத் தனியே எடுத்து வைத்த பிறகே கடையைத் திறக்க வேண்டும். ஊர் ஏக்கம் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது சரக்கின் தரமும் நியாய விலையும்தான்.